பேச்சிப்பாறை நீர்மட்டக் கணக்கு: இருமத் தேடல் தவறான விடை தருவது ஏன்?

நாஞ்சில்_மாணவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். ஆய்வக வகுப்பில் ஆசிரியர் தந்த ஒரு கணக்கில் மூன்று நாட்களாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். பார்ப்பதற்கு அணியில் (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியலில்) தேடும் சாதாரணக் கணக்காகத்தான் இருக்கிறது, ஆனால் விடை மட்டும் சரியாக வரவில்லை.

கணக்கு இதுதான். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் அடிக்கணக்கில், இரண்டு தசம இடங்களுடன், பதிவான வரிசையிலேயே ஓர் அணியில் இருக்கிறது. அதிகபட்சம் 2 லட்சம் பதிவுகள் வரும். நாளுக்கு ஒரு பதிவு என்று வைத்தால் அதற்கு 547 ஆண்டுகள் வேண்டும், அணையே 1906இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்று நாங்கள் கேலி செய்தோம். ஆசிரியரும் சிரித்துக்கொண்டே, மணிக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், 23 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும் என்றார். அதன்பின் 2 லட்சம் வினாக்கள் வரும். ஒவ்வொரு வினாவிலும் ஓர் அளவு தரப்படும். நீர்மட்டம் அந்த அளவையோ அதற்கு மேலோ முதன்முதலாக எட்டியது எந்தப் பதிவில் என்று சொல்ல வேண்டும். எட்டவே இல்லையென்றால் −1 என்று அச்சிட வேண்டும்.

முதலில் அணியை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் நேரியல் தேடலை எழுதினேன். சிறிய உள்ளீடுகளுக்கு எல்லா விடைகளும் சரியாக இருந்தன, பெரிய உள்ளீட்டில் மட்டும் ‘டைம் லிமிட் எக்ஸீடட்’ (நேர வரம்பு தாண்டிவிட்டது) என்று வந்துவிட்டது. பிறகு, நடுவில் உள்ளதைப் பார்த்துத் தேவையில்லாத பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும், பள்ளியில் படித்த இருமத் தேடலை எழுதினேன். இப்போது கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது, ஆனால் விடை தவறு. நானே கற்பனையாக உருவாக்கிய ஒரு சிறு மாதிரியைக் கீழே தருகிறேன், சுட்டெண்கள் (இட எண்கள்) 0 முதல் 9 வரை:

36.20, 36.20, 38.75, 38.10, 37.40, 41.90, 42.15, 41.60, 43.05, 42.80

38.00 என்று வினவினால் விடை சுட்டெண் 2 ஆக இருக்க வேண்டும், என் நிரல் 5 என்கிறது. ஆனால் 41.00 என்று வினவினால் 5 என்று சரியாகச் சொல்கிறது. சில நேரம் சரியாகவும் சில நேரம் தவறாகவும் வருவதுதான் என்னைக் குழப்புகிறது. அணியை முதலில் வரிசைப்படுத்திவிட்டுத் தேடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது சரியான வழியா?

---

குழித்துறைக்காரன் எழுதியது:

தம்பி, நீங்கள் தந்த மாதிரியையே கையில் எடுத்துக்கொண்டு உங்கள் நிரல் செய்வதைக் காகிதத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். எல்லைகள் 0, 9. நடு 4, அங்கே இருப்பது 37.40. அது 38.00ஐ விடக் குறைவு என்பதால் உங்கள் நிரல் இடப்பக்கம் முழுவதையும் வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் தேடிய 38.75 அந்த இடப்பக்கத்தில்தான், சுட்டெண் 2இல் இருந்தது. அதன்பின் 5 முதல் 9 வரைக்குள் எவ்வளவு ஒழுங்காகத் தேடினாலும் 5தான் கிடைக்கும். 41.00 வினாவுக்குச் சரியான விடை வந்தது தற்செயல்தான். முதல் ஐந்து பதிவுகளில் எதுவும் 41ஐ எட்டாததால், தூக்கி எறிந்த பாதியில் இழப்பதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று.

இருமத் தேடலில் பாதியை எறிவதற்கு ஓர் உரிமை வேண்டும். நடுவில் உள்ளது குறைவு என்றால் அதற்கு இடப்பக்கம் உள்ள அனைத்தும் குறைவாகவே இருக்கும் என்ற உறுதிதான் அந்த உரிமை. மழை விட்டால் அணையில் தண்ணீர் இறங்கும், அடுத்த மழையில் மீண்டும் ஏறும். ஏறி இறங்கும் அணியில் அந்த உறுதி கிடையாது.

நண்பர் சொன்ன வழியில் அணியை வரிசைப்படுத்தினால் அந்த உறுதி கிடைத்துவிடும், ஆனால் கேள்வியே காணாமல் போய்விடும். வரிசைப்படுத்திய அணியில் 38.00க்கு அடுத்து வரும் அளவு 38.10. அதன் பழைய சுட்டெண்ணைக் கூடவே எடுத்துச் சென்றாலும் அது 3தான், 2 அல்ல. நம் கேள்வி எந்த அளவு 38க்கு மிக அருகில் இருக்கிறது என்பதல்ல, எது முதலில் வந்தது என்பது.

நேரியல் தேடல் ஏன் தாங்கவில்லை என்பதையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். 2 லட்சம் வினாக்களுக்கும் 2 லட்சம் பதிவுகளைப் பார்க்க நேர்ந்தால் 4,000 கோடி ஒப்பீடுகள் ஆகும். எந்த மொழியில் எழுதினாலும் ஆய்வகத்தில் தரும் ஓரிரு நொடிகளுக்குள் அது முடியாது.

தீர்வை நான் உடனே சொல்லிவிடுவதில் பயன் இல்லை. ஆகவே ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். அணியில் உள்ள அளவு ஏறி இறங்கலாம், ஆனால் ‘இதுவரை 38ஐ எட்டியிருக்கிறதா’ என்ற கேள்விக்கான விடை ஏறி இறங்குமா?

---

தக்கலை_கணக்கு_வாத்தியார் எழுதியது:

குழித்துறைக்காரர் குறிப்போடு நிறுத்திக்கொண்டார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் நான் மீதியைச் சொல்லிவிடுகிறேன், மக்களே.

எனக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா, அடுத்த கும்பப்பூ சாகுபடிக்கு மிஞ்சுமா என்ற கவலையில் காலைச் செய்தித்தாளில் வரும் அணைகளின் நீர்மட்டத்தைப் பல ஆண்டுகளாக ஒரு நீள நோட்டில் குறித்து வருகிறேன். பேச்சிப்பாறைக்கு ஒரு பத்தி, பெருஞ்சாணிக்கு ஒரு பத்தி. பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. அன்றைய அளவை நீல மையில் எழுதுவேன். அந்தப் பருவத்தில் அதுவரை வந்த எல்லா அளவுகளையும் அது தாண்டிவிட்டால் மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு போடுவேன். அணை எப்போது 42ஐத் தொட்டது என்று யாராவது கேட்டால், நீல எழுத்துகளை நான் படிப்பதே இல்லை. சிவப்புக் கோடுகளில் மட்டும் விரலை ஓட்டுவேன். அவை மேலிருந்து கீழாக ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் இறங்காது.

உங்கள் கணக்கின் தீர்வு அந்தச் சிவப்புக் கோடுதான். மூல அணிக்குப் பக்கத்தில் ‘இதுவரை உச்சம்’ என்று இன்னோர் அணியை உருவாக்குங்கள். அதன் ஒவ்வொரு இடத்திலும், தொடக்கத்திலிருந்து அந்த இடம் வரை வந்த அளவுகளில் மிகப் பெரியது இருக்க வேண்டும். உங்கள் மாதிரிக்கு அது இப்படி அமையும்:

36.20, 36.20, 38.75, 38.75, 38.75, 41.90, 42.15, 42.15, 43.05, 43.05

இதை உருவாக்க ஒரே ஒரு முறை அணியைக் கடந்து சென்றால் போதும், முந்தைய உச்சத்தையும் இன்றைய அளவையும் ஒப்பிட்டுப் பெரியதை எழுதிக்கொண்டே போகலாம். இந்த அணி குறையாத வரிசையில் இருப்பதால் இதில் இருமத் தேடல் செய்ய முழு உரிமை உண்டு. இதில் 38.00ஐ முதலில் எட்டும் இடமும் மூல அணியில் 38.00ஐ முதலில் எட்டும் இடமும் ஒன்றுதான், ஏனென்றால் உச்சம் 38க்குக் கீழிருந்து மேலே தாவுவது அன்றைய அளவே 38ஐ எட்டும்போது மட்டும்தான்.

தேடலை நான் இப்படி எழுதுவேன்:

    இடது = 0
    வலது = நீளம்
    இடது < வலது ஆக இருக்கும்வரை:
        நடு = இடது + (வலது − இடது) / 2
        உச்சம்[நடு] < தேவை எனில்:
            இடது = நடு + 1
        இல்லையெனில்:
            வலது = நடு
    விடை = இடது

வகுத்தலில் மீதியை விட்டுவிட வேண்டும். வலது எல்லை நீளம் − 1 அல்ல, நீளமே என்பதைக் கவனியுங்கள். எட்டவே இல்லை என்ற விடைக்கும் அணியின் கடைசி இடத்துக்கு அடுத்து ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். 44.00 என்று வினவினால் நடு 5, 8, 9 என்று போய், கடைசியில் இடது 10இல் வந்து நிற்கும். 10 என்பது நீளம், ஆகவே −1 என்று அச்சிடலாம். 38.00க்கு நடு 5, 2, 1 என்று மூன்றே ஒப்பீடுகளில் விடை 2 கிடைத்துவிடும்.

2 லட்சம் பதிவுகளுக்கு ஒரு வினாவில் 18 ஒப்பீடுகளுக்கு மேல் ஆகாது. 2இன் 17ஆம் அடுக்கு 1,31,072, 18ஆம் அடுக்கு 2,62,144, நம் எண் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. மொத்தம் 36 லட்சம் ஒப்பீடுகளில் எல்லா வினாக்களும் முடிந்துவிடும்.

---

நாஞ்சில்_மாணவன் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. சிவப்பு மை உவமை மனதில் பதிந்துவிட்டது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்க்காமல் நானே எழுதிப் பார்க்கலாம் என்று முயன்றதில், நிரல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் உள்ளது தேவையை விடக் குறைவு என்றால் இடது = நடு என்று எழுதியிருக்கிறேன். தர்க்கத்தில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. ஆசிரியர் இன்று இரண்டாம் பகுதியைத் தந்திருக்கிறார். வினாவில் அளவோடு ஒரு தொடக்கப் பதிவும் வரும். அந்தப் பதிவிலிருந்து தேடினால் முதன்முதலாக எட்டியது எது என்று சொல்ல வேண்டும். பாசனத்துக்கு அணை திறந்த ஜூன் மாதத்திற்குப் பிறகு எப்போது 40ஐத் தொட்டது என்பது போன்ற கேள்வி. அதற்கும் இதே ‘இதுவரை உச்சம்’ அணி போதுமா?

---

குழித்துறைக்காரன் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், ரயில் பள்ளியாடி தாண்டிவிட்டது, இறங்குவதற்குள் தட்டச்சு செய்துவிட வேண்டும்.

இடது 6, வலது 7 என்று வந்துவிட்ட நிலையை எண்ணிப் பாருங்கள். நடு 6. அங்கே உள்ளது குறைவு என்றால் நீங்கள் இடது = 6 என்று எழுதுகிறீர்கள், அது ஏற்கெனவே 6தான். எல்லைகள் மாறாததால் அடுத்த சுற்றிலும் இதுவே நடக்கும், மடக்கு ஒருபோதும் முடியாது. நடுவில் உள்ளது குறைவு என்று தெரிந்த பிறகு அது விடையாக இருக்க வாய்ப்பே இல்லை. அதை வேட்பாளராக வைத்துக்கொண்டிருப்பதுதான் தவறு. ஆகவே நடு + 1. மறுபக்கம் அப்படி அல்ல. நடுவில் உள்ளது எட்டிவிட்டது என்றால் அதுவே விடையாக இருக்கலாம், அதனால்தான் வலது = நடு என்று அதை உள்ளேயே வைத்துக்கொள்கிறோம்.

வெட்கப்பட வேண்டாம். இருமத் தேடலைப் பற்றிக் கணினி முன்னோடி ஜான் மாக்லி 1946இலேயே பேசிவிட்டார், ஆனால் எல்லா நீளமுள்ள அணிகளுக்கும் சரியாக வேலை செய்யும் வடிவம் அச்சில் வர 1960 ஆயிற்று. ஜாவாவின் தரநூலகத்தில் இருந்த இருமத் தேடலிலேயே ஒரு பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்ததை மென்பொருள் பொறியாளர் ஜோஷுவா பிளாக் 2006இல் எழுதினார். இடதையும் வலதையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். மிகப் பெரிய அணிகளில் அந்தக் கூட்டல், ஜாவாவின் சாதாரண முழு எண் கொள்ளக்கூடிய 2,14,74,83,647 என்ற எல்லையைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். வாத்தியார் ஐயா கூட்டாமல் வித்தியாசத்தை எடுத்து எழுதியிருப்பது அதனால்தான். 2 லட்சம் பதிவுகளுக்கு அது தேவையே இல்லை, பைத்தானில் எந்த அணிக்கும் தேவை இல்லை. ஆனாலும் கைப்பழக்கமாக அப்படி எழுதிவிடுவது நல்லது.

---

தோவாளைப்பிச்சி எழுதியது:

இரண்டாம் பகுதிக்கு ‘இதுவரை உச்சம்’ போதாது. உங்கள் மாதிரியிலேயே காட்டிவிடலாம். சுட்டெண் 3இலிருந்து 38.50ஐத் தேடுங்கள். உச்ச அணியில் 3ஆம் இடத்தில் 38.75 இருப்பதால் 3 என்று விடை வரும். ஆனால் அந்தப் பதிவில் உண்மையில் இருந்தது 38.10. 38.75 என்பது தேடலைத் தொடங்குவதற்கு முன்னாலேயே வந்துபோன உச்சம். சரியான விடை 5. தொடக்கம் மாறும்போதெல்லாம் சிவப்புக் கோடுகளைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும், 2 லட்சம் முறை அதைச் செய்தால் மீண்டும் நேரியல் தேடலின் செலவுக்கே வந்துவிடுவோம்.

இதற்கு செக்மென்ட் ட்ரீ என்ற அமைப்பைப் பலரும் பரிந்துரைப்பார்கள். பதிவுகள் இடையில் திருத்தப்படும் என்றால் அதுதான் சரி. இங்கே பதிவுகள் மாறுவதில்லை என்பதால், எழுதுவதற்கு எளிதான ஸ்பார்ஸ் டேபிள் போதும் என்பது என் கருத்து. ஒவ்வொரு பதிவிலிருந்தும் தொடங்கும் 1, 2, 4, 8 என்ற நீளமுள்ள துண்டுகளின் உச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 8 நீளத் துண்டின் உச்சம் என்பது அடுத்தடுத்த இரண்டு 4 நீளத் துண்டுகளின் உச்சங்களில் பெரியது, ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் முந்தைய அடுக்கிலிருந்தே கட்டிவிடலாம். 2 லட்சம் பதிவுகளுக்கு 18 அடுக்குகள், மொத்தம் 36 லட்சம் எண்கள். ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் 15 எம்.பி.க்குள் அடங்கும். பைத்தானின் சாதாரணப் பட்டியலில் வைத்தால் இதைவிட அதிகம் பிடிக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது பெரிய துண்டிலிருந்து சிறிய துண்டுக்கு வர வேண்டும். நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் துண்டு அணியைத் தாண்டாமலும், அதன் உச்சம் தேவையை விடக் குறைவாகவும் இருந்தால், அந்தத் துண்டு முழுவதையும் ஒரே தாவலில் கடந்துவிடலாம், அதற்குள் விடை இருக்க முடியாது. இல்லையென்றால் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு அடுத்த சிறிய துண்டைப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன வினாவில் 3இல் நிற்கிறோம். 8 நீளத் துண்டு அணிக்குள் அடங்காது. 4 நீளத் துண்டின் உச்சம் 42.15, ஆகவே தாவ முடியாது. 2 நீளத் துண்டில் இருப்பவை 38.10, 37.40. இரண்டும் 38.50க்குக் குறைவு என்பதால் தாவி 5க்கு வருகிறோம். 1 நீளத் துண்டு 41.90, தாவ முடியாது. 5இல் நிற்கிறோம், அதுவே விடை. தாவித் தாவி அணியின் நீளத்துக்கே வந்துவிட்டால் −1.

முதல் பகுதிக்கும் ஒரு சொல். இருமத் தேடலே போதுமானது, ஆனால் இந்தக் கணக்கில் இன்னும் மலிவான ஒரு வழி கண்ணெதிரே இருக்கிறது. அளவுகள் 48.00 அடிக்குள், இரண்டு தசம இடங்களில் வருகின்றன என்றால் வரக்கூடிய வேறுபட்ட அளவுகள் 0 முதல் 4800 வரை 4,801 மட்டுமே. பதிவுகளை ஒருமுறை கடக்கும்போது, புதிய உச்சம் வரும் இடத்தில் மட்டும் பழைய உச்சத்துக்கு மேலே இருந்து புதிய உச்சம் வரை உள்ள எல்லா இடங்களிலும் அந்தப் பதிவின் சுட்டெண்ணை எழுதி வைத்துவிடுங்கள். அதன்பின் வினாவுக்குத் தேடலே தேவையில்லை, அட்டவணையில் ஒரு பார்வை போதும். எங்கள் ஊர்ப் பூச்சந்தையில் விலையைக் கேட்டால் வியாபாரி நோட்டைப் புரட்டுவதில்லை, கரும்பலகையைக் கைகாட்டிவிடுவார். அதுபோலத்தான்.

இதற்காகவும், பொதுவாகப் பிழைகளைத் தவிர்க்கவும், அளவுகளைத் தசம எண்ணாக வைக்காமல் 42.15ஐ 4215 என்று முழு எண்ணாக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது 100ஆல் பெருக்கிவிட்டுப் பின்னத்தை வெட்டாதீர்கள், அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றுங்கள். பைத்தானில் 0.29ஐ 100ஆல் பெருக்கிப் பின்னத்தை வெட்டினால் 29 அல்ல, 28 கிடைக்கும். கல்லூரியில் படிக்கும்போது இந்த ஒரு வரியால் ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன்.

---

நாஞ்சில்_மாணவன் எழுதியது:

அக்கா, இரண்டு பகுதிகளும் ஏற்கப்பட்டுவிட்டன. முதல் பகுதியை இருமத் தேடலிலும் அட்டவணையிலும் எழுதி, என் பழைய நேரியல் தேடலின் விடைகளோடு சிறிய உள்ளீடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தேன், மூன்றும் ஒத்துப்போயின. இடையில் ஒருமுறை எல்லா விடைகளும் தவறு என்று வந்தபோது பயந்துவிட்டேன். கணக்கில் பதிவுகள் 1இலிருந்து எண்ணப்படுகின்றன, நான் 0இலிருந்து அச்சிட்டிருந்தேன் என்பதுதான் காரணம்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் நோட்டில் உள்ள அளவுகளைக் கணினியில் ஏற்றினால், நீர்மட்டம் முதன்முதலாக ஓர் அளவுக்குக் கீழே இறங்கியது எப்போது என்றும் இதே முறையில் கண்டுபிடிக்கலாம் அல்லவா?

---

தக்கலை_கணக்கு_வாத்தியார் எழுதியது:

கண்டுபிடிக்கலாம், மக்களே. உச்சத்துக்குப் பதிலாக ‘இதுவரை தாழ்வு’ என்று அணி அமைத்தால் அது ஏறாத வரிசையாக இருக்கும். நிரலில் ஒப்பீட்டை மட்டும் மாற்றி, தாழ்வு[நடு] தேவைக்குச் சமமாகவோ அதை விட அதிகமாகவோ இருந்தால் இடதை நகர்த்த வேண்டும். மற்றவை அப்படியே இருக்கலாம்.

ஆனால் என் நோட்டை ஏற்றும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. பொங்கல், தீபாவளிக்கு மறுநாள் செய்தித்தாள் வராது. அந்த நாட்களில் நான் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், என் பேத்தி எக்செல்லில் ஏற்றும்போது அவற்றில் 0 போட்டுவிட்டாள். உச்சம் தேடும்போது அந்த 0 யாரையும் தொந்தரவு செய்யவில்லை. தாழ்வு தேடியபோது மட்டும், எந்த அளவைக் கேட்டாலும், அதற்குள் உண்மையாகவே தண்ணீர் இறங்கியிருக்காவிட்டால், முதல் விடுமுறைக்கு மறுநாளையே விடையாகச் சொல்லிற்று. இப்போது காலிக் கட்டங்களில் முந்தைய நாளின் அளவையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.